தாய்மாமன் கொண்டுபோன வாக்கர்

அந்தப் பெட்டியை ஏன் தம்பி மடியில வச்சுக்கிட்டு முழி பிதுங்க உக்காந்துருக்கீங்க? கால்மாட்டுல விடுங்க. நான் காலை மடக்கிக்கிறேன். பட்டு வேட்டிதான், பரவாயில்ல. கசங்கட்டும். இனிமே இதைக் கட்டிக்கிட்டுப் போயி நான் யாரு சபையில நிக்கப்போறேன். இருங்க, இருங்க. பெட்டி மேல படம் போட்டுருக்கே. வட்டமா, சக்கரம் வச்சு, நடுவுல ஒரு வெள்ளைக்காரப் புள்ள ஈன்னு சிரிச்சுக்கிட்டு. வாக்கருல்ல இது?

சொந்தப் புள்ளைக்கா? தங்கச்சி புள்ளைக்கா! அப்ப தாய்மாமன். அடடா, நம்ம ஆளு. கையைக் குடுங்க.

புள்ளைக்கு என்ன மாசம்? ஏழா? ஆளாளுக்கு வேணாம்னு சொல்லியிருப்பாங்களே. சொல்லுவாங்க, சொல்லுவாங்க. வாங்கியும் வாங்கிட்டோம், குடுப்போமா வேணாமான்னு உள்ளுக்குள்ள ஓடுது. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. நான் ஆண்டிபட்டியில இறங்கணும், அதுக்குள்ள உங்களைத் தெளிவு பண்ணி விட்டுர்றேன். இந்த வாக்கரு விசயத்துல என்னை மாதிரி அடிபட்டவன் இந்த பஸ்ஸுல இல்ல, மதுரை ஜில்லாவுலயே இல்ல.

என் பேரு தவசிமுத்து. பந்தல் போடுற தொழிலு. சாமியானா, சேரு, டியூப்லைட்டு, மைக்கு செட்டு எல்லாம் நம்மகிட்ட உண்டு. ஊருல எந்தத் தாய்மாமன் என்ன சீர் கொண்டாந்தான், எவன் ஒப்புக்குக் கொண்டாந்தான், எவன் பக்கத்து வீட்டுத் தாம்பாளத்தை இரவல் வாங்கி எண்ணிக்கையைக் கூட்டுனான், எல்லாம் எனக்கு அத்துப்படி. மைக்குல சொல்றதே நாந்தான. அப்பிடி ஊரான் சீரையெல்லாம் தொண்டை கட்ட சொல்லிச் சொல்லி, என்னைக்குடா நம்ம சீரைச் சொல்லுவோம்னு காத்துக்கெடந்தவன் நான். ஒரே தங்கச்சி எனக்கு. நாகஜோதி. அப்பா அம்மா போன பிறகு நான்தான் அவளுக்கு எல்லாம். அவளும் அண்ணே அண்ணேன்னு உசிரை விடுவா. விட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

முதப்புள்ள நம்ம வீட்டுலதான் பொறந்துச்சு. பொம்பளப்புள்ள. பேரு தன்ஷிகாவாம். வாயில பல்லு இருக்கவங்களே ரெண்டு தடவை சொல்லிப் பாக்கணும். நான் பாப்பான்னுதான் கூப்புடுவேன். பொறந்து அஞ்சாறு மாசம் ஆனா தாயையும் புள்ளையையும் புருசன் வீட்டுல கொண்டுபோயி விடணுமில்ல. தொட்டிலு, அரைஞாணு, நடைவண்டின்னு வரிசை வைக்கிறது நம்ம பக்கத்துப் பழக்கம். அந்தக் காலத்துல மரத்துல நடைவண்டி செஞ்சு குடுப்பாங்க, மூணு சக்கரம் வச்சு. அதுல என்ன தொந்தரவுன்னா, புள்ள தானா எந்திரிச்சு நிக்கணும், அப்புறம் தள்ளணும், அதுக்கு எத்தனை மாசம் காத்துருக்கிறது? இதுல அந்தக் கவலையே இல்ல பாருங்க. நிக்கத் தெரியாத புள்ளையக்கூட உள்ள சொருகி விட்டா ஓடுது. விஞ்ஞானம்!

சீருக்கு ஒரு வாரம் இருக்கையில எங்க மாப்ள போன் போடுறாரு. தங்கச்சி புருசன், கதிரேசன். மெடிக்கல் ரெப்பு. டாக்டருங்க வாசல்ல உக்காந்து உக்காந்தே பாதி டாக்டரு ஆயிட்டாரு, மீதிப் பாதிக்கு நேரம் இல்ல. "மச்சான், தொட்டிலு கொண்டு வாங்க, துணிமணி கொண்டு வாங்க, வாக்கரு மட்டும் வேணாம்"ங்கிறாரு. ஏன் மாப்ளன்னேன். அதுல போட்டா புள்ள சீக்கிரம் நடக்காதாம், நடக்குற நாளு தள்ளித்தான் போகுமாம். காலு விரலை ஊணி எத்தி எத்தித்தான் பழகுமாம். தவழ்றதும் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறதும்தான் புள்ளைக்குப் பாடமாம். ஓடுற வேகத்துக்குப் படியில உருண்டுரும், அடுப்புக்கிட்ட போயிரும், பெரியவங்க எந்திரிச்சு ஓடுறதுக்குள்ள காரியம் கெட்டுப்போகுமாம். சரி, அப்ப என்னதான் கொண்டாறதுன்னு கேட்டேன்.

பாயாம் தம்பி!

நல்ல தடிமனா ஒரு விரிப்பு, தரையில போட்டு அதுல புள்ளையக் குப்புறப் போட்டா அது பாட்டுக்கு உருண்டு விளையாடுமாம். எனக்கு வந்துச்சே ஆத்திரம். தாய்மாமன், ஊருக்கே பந்தல் போடுறவன், மேளதாளத்தோட தெருவுல வர்றப்ப கக்கத்துல ஒரு பாயைச் சுருட்டி இடுக்கிக்கிட்டு வரணுமா? மைக்குல என்னன்னு சொல்றது, தாய்மாமன் தவசிமுத்து அவர்கள் அன்போடு அளித்த பாய்னா? "சரி மாப்ள, பாத்துக்கலாம்"னேன். பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம்னு அவருக்குப் புரியல. படிச்சவரு.

மதுரையில கடை கடையா ஏறி இறங்கி, இருக்கிறதுலயே பெருசா ஒண்ணை எடுத்தேன். உங்களது சின்னது, கோவிச்சுக்காதீங்க. என்னதுல முன்னால ஸ்டியரிங்கு, ஆரன், சுத்தியும் லைட்டு. பட்டனை அமுக்குனா பாட்டு. இங்கிலீசு பாட்டு. கடைக்காரப் பையன்கிட்ட "இதுல புள்ளைக்கு ஆபத்து கீபத்து உண்டாய்யா"ன்னு கேட்டேன். பொறுப்பா கேட்டேன். அவன், "இல்லைங்க சார், இதுதான் நல்லா மூவ் ஆகுது"ன்னான். அப்புறம் என்ன? நல்லா விசாரிச்சுத்தான் வாங்குனேன்.

சீர் போன அன்னைக்கு அதைப் பெட்டியிலருந்து பிரிச்சு, பேட்டரி போட்டு, லைட்டெல்லாம் எரியவிட்டு ஒரு ஆளு தலையில ஏத்தி வரிசைக்கு முன்னாடி விட்டேன். மேளம் ஒரு பக்கம், அந்த இங்கிலீசு பாட்டு ஒரு பக்கம். தெருவே வாசலுக்கு வந்து பாத்துச்சு. என் வீட்டுக்காரி மட்டும், "ஏங்க, பாட்டையாச்சும் அமத்துங்களேன்"னா. அவளுக்கு நம்ம பெருமைன்னா கொஞ்சம் கூச்சம்.

மாப்ள முகத்துல ஈயாடல. இருந்தாலும் சபையில ஒண்ணும் சொல்லல, அந்த மட்டுக்கு நாகரிகம். எல்லாரும் போன பிறகு என்னை உக்கார வச்சு சட்டம் வாசிச்சாரு. கொண்டு வந்துட்டீங்க மச்சான், உங்க மனசு நோகக்கூடாது, அதனால சொல்றேன்னு ஆரம்பிச்சு. புள்ளைக்குக் கழுத்து நின்னு, தானா உக்காந்த பிறகுதான் இதுல விடணும். பாதம் முழுசாத் தரையில படணும், நுனிக்காலுல நிக்குற மாதிரி சீட்டு இருக்கக்கூடாது. சமதரையில மட்டும்தான். அவங்க இருக்கிறது ரெண்டாவது மாடி ஃபிளாட்டு, அதனால வாசல்ல பலகை அடிக்கணும். சமையக்கட்டுக் கதவைச் சாத்தணும். மேசை விரிப்பு தொங்கக்கூடாது, ஒயரு தொங்கக்கூடாது, சூடா எதுவும் கைக்கு எட்டுற உயரத்துல இருக்கக்கூடாது. கால் மணி நேரத்துக்கு மேல விடக்கூடாது. விட்டுருக்கிற நேரம் பூரா ஒரு ஆளு கை நீட்டுனா புள்ளையத் தொடுற தூரத்துல நிக்கணும்.

நான் சும்மா இருப்பேனா? "மாப்ள, அதுக்குப் புள்ளையத் தூக்கி இடுப்புலயே வச்சுக்கலாமே"ன்னு ஒரு போடு போட்டேன். "அதைத்தான் மச்சான் நானும் சொல்றேன்"னாரு. பேச்சை அத்தோட முடிச்சுட்டேன். பதில் சொல்லத் தெரியாதவங்ககிட்ட என்னத்தைப் பேசுறது.

அதுக்கப்புறம் ஒரு மாசம் கழிச்சு, சாமியானாத் துணி எடுக்க மதுரை போனவன் தங்கச்சி வீட்டை எட்டிப் பாத்துட்டு வருவோம்னு போனேன். ஹாலுல அந்தப் பாய் விரிச்சுக் கெடக்கு. அவரே வாங்கிப் போட்டுக்கிட்டாரு! புள்ள அதுல கெடந்து உருளுது. நம்ம வண்டியைக் காணோம். நிமிந்து பாத்தா பரணுல, பழைய பெட்ஷீட்டைப் போத்தி, ஸ்டியரிங்கு மட்டும் வெளிய எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா ஒரு வார்த்தை பேசல. நான் அப்பிடியெல்லாம் பேசுறவன் இல்ல. சாப்பாடு எடுத்து வச்சா, பசிக்கலன்னேன். தண்ணி குடுத்தா, தாகம் இல்லன்னேன். வந்துட்டேன். அதுக்கப்புறம் அவ போன் அடிச்சா எடுக்கல. என் வீட்டுக்காரிகிட்ட அழுதாளாம். அழட்டும், அண்ணன் கொண்டாந்ததைப் பரணுல ஏத்துறப்ப அழுதாளா?

அப்பிடிக் கொஞ்ச நாளு இருந்தேன். அப்புறம் பாருங்க, எல்லாம் சரியாயிருச்சு. அடுத்த தடவை போனா வண்டி நடு ஹாலுல நிக்குது, புள்ள உள்ள உக்காந்துருக்கு, லைட்டு எரியுது. அதுக்கடுத்த தடவையும் அப்பிடித்தான். எப்பப் போனாலும் புள்ள நம்ம வண்டியிலதான். நாகஜோதி பக்கத்துலயே முட்டி போட்டு உக்காந்து வண்டியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, "பாருண்ணே, பாப்பா மாமா வண்டியில போறா"ம்பா. விடு, ஓடட்டும்னா விடமாட்டா. பாசம். அந்தப் பாட்டைப் போட்டா மட்டும் பாப்பா வீல்னு கத்தும். நாளாவட்டத்துல பழகிரும்னு சொன்னேன், எதனாலயோ பழகல. இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, பொருளோட தரத்துக்கு. அத்தனை நாளு ஓட்டியும் சீட்டு மேல இருந்த பாலித்தீன் கவரு கிழியல தம்பி! சக்கரத்துல ஒரு கீறல் இல்ல. வாங்குனா அப்பிடிப் பாத்து வாங்கணும்.

என்ன சிரிக்கிறீங்க? சரி, உசிலம்பட்டி வந்துருச்சு. வெள்ளரிக்கா சாப்புடுறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம். காலையிலருந்து வயித்துல ஒண்ணும் இல்ல, ஆனா எதுவும் இறங்க மாட்டேங்குது.

அந்த நாளைச் சொல்றேன். போறதுக்கு முன்னாடி போன் பண்ணுவேன் எப்பவும். அன்னைக்குப் பண்ணல. சும்மா ஒரு ஆசை, திடுதிப்புனு போயி நின்னா புள்ள எப்பிடி ஓட்டிக்கிட்டு இருக்குன்னு பாக்கலாமேன்னு. பத்து பதினொரு மணி இருக்கும். பெல்லை அடிக்கிறேன். "யாரு?"ங்கிறா. "நாந்தாம்மா, அண்ணன்"னேன். தொறக்கல. உள்ள நாற்காலியை இழுக்கிற சத்தம். என்னமோ பொத்துன்னு விழுகுற சத்தம். புள்ள அழுகுற சத்தம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தொறந்தா. மூச்சு வாங்குது, தலையெல்லாம் தூசி. என்னத்தா ஒட்டடை அடிச்சியாக்கும்னேன். ஆமாண்ணேன்னா. பாப்பா வண்டியில உக்காந்துருந்துச்சு. எட்டு மாசம் முடிஞ்சு ஒம்போது நடக்குது. காலு தரையில சரியாப் பாவல, நுனி விரலுதான் தொட்டுச்சு. நான் பெருசா எடுத்துக்கல, வளர்ற புள்ளைதானே.

அலைஞ்சு வந்த களைப்பு. ஒரு காப்பி போடுத்தான்னேன். இது ஒரு தப்பா? தங்கச்சி வீட்டுல அண்ணன் ஒரு காப்பி கேக்குறது குத்தமா? அவ நின்னா. "அண்ணே, நீ பாப்பாவைச் செத்த தூக்கி வச்சுக்க, நான் காப்பி போட்டுட்டு வந்துர்றேன்"னா. "அது பாட்டுக்கு வண்டியில இருக்கட்டும். பாப்பா ஓட்டுறதைப் பாக்கத்தான வந்தேன்"னேன். "இல்லண்ணே, தூக்கிக்கயேன்"னா. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "என்னத்தா, நான் வாங்குன வண்டியில நான் இருக்கையில கூட புள்ள உக்காரக் கூடாதா? அப்ப நான் கெளம்புறேன்"னு சும்மா துண்டைத்தான் தோளுல போட்டேன். அவ உள்ள போயி அடுப்பைப் பத்த வச்சா.

காப்பி வந்துச்சு. அவ போடுற காப்பி ஆவி பறக்கும், நுரை நிக்கும், அதை மட்டும் குறை சொல்லக்கூடாது. கையில குடுத்தா. நான் டம்ளரை அங்க கெடந்த குட்டை ஸ்டூலு மேல வச்சேன், ஆறட்டும்னு. "மேல வைண்ணே"ன்னா. "வைக்கிறேன், நீ போயி கொறிக்கிறதுக்கு ஏதாவது எடுத்துட்டு வா, முறுக்கு இருந்தா"ன்னேன். போனா. அந்த நேரம் பாத்து எனக்குப் போனு. சின்னாளப்பட்டிக் கல்யாணம், சேரு பத்தலன்னு. உள்ள சிக்னலு இல்லைன்னு சன்னல் பக்கம் திரும்பி நின்னேன். ரெண்டே வார்த்தைதான் பேசியிருப்பேன்.

சும்மா சொல்லக்கூடாது தம்பி, என்னா ஓட்டம்ங்கிறீங்க! ஹாலு அந்தக் கடைசியில நின்ன வண்டி, சர்ருனு ஒரு சத்தம், நான் திரும்பறதுக்குள்ள ஸ்டூலுக்கிட்ட. என்னைத் தேடித்தான் வந்துருக்கும், வேற எதுக்கு வரப்போகுது. கையை நீட்டி டம்ளரைப் புடிச்சு இழுத்துருச்சு.

அந்தச் சத்தம் இருக்கு பாருங்க. புள்ள அழுகுற சத்தம் எனக்கு எம்புட்டோ தெரியும். அது அந்தச் சத்தம் இல்ல.

இடது கையில முழங்கை வரைக்கும், கொஞ்சம் நெஞ்சுலயும் ஊத்திருச்சு. நாகஜோதி முறுக்குத் தட்டைப் போட்டுட்டு ஓடியாந்தா. வந்தவ அப்பிடியே அள்ளிக்கிட்டுக் கொழாயடிக்கு ஓடி, தண்ணியைத் தொறந்து விட்டு அந்தக் கையைக் காட்டிக்கிட்டே நிக்கிறா. நான் பேஸ்டு எங்கத்தா, பல்லு வெளக்குற பேஸ்டு எங்க, அதைத் தடவுனா கொப்புளம் வராதுன்னு பாத்ரூம்புக்கு ஓடி, பேஸ்டைப் பிதுக்கி எடுத்துக்கிட்டு வர்றேன். கெட்ட எண்ணமா எனக்கு? அவ என் கையைத் தட்டி விட்டா. "தள்ளிப் போண்ணே அங்கிட்டு!"ன்னு கத்துனா. பொறந்ததுலருந்து என்னை ஒரு சுடுசொல் சொல்லாதவ. பேஸ்டு என் சட்டையெல்லாம் அப்பிருச்சு. பேஸ்டு கீஸ்டு எதுவும் போடாம தண்ணி காட்டுனதுதான் புண்ணு ஆழமாப் போகலன்னு பிறகு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். ஏதோ அவளுக்குத் தோணுனதைச் செஞ்சா, அது சரியாப் போச்சு. அம்புட்டுத்தான்.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, மாத்தி மாத்திக் கட்டி, ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு ஆறுறதுக்கு. மணிக்கட்டுல தழும்பு இருக்கு. அது இருக்கும்னுட்டாங்க.

மாப்ள வந்தாரு. நான் ரெடியா இருந்தேன் தம்பி. ஏதாவது ஒரு வார்த்தை என்னைச் சொல்லட்டும், நாலா திருப்பிக் குடுக்கணும்னு உள்ளுக்குள்ள அடுக்கி வச்சுருந்தேன். அந்த மனுசன் என்னைத் திரும்பிப் பாக்கல. பொண்டாட்டிகிட்ட, "பரணுல இருந்தது எப்பிடிக் கீழ வந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ என்னைப் பாத்தா, தரையைப் பாத்தா, "நான்தான் எடுத்தேன்"னா. அதோட சரி. ஒருத்தரும் என்னை ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. திட்டியிருந்தா சண்டை போட்டுருப்பேன், ரெண்டு நாள்ல சேந்துருப்போம். சொல்லாமயே விட்டுட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்புறம் அந்த வண்டியை என்ன பண்ணாருங்கிறீங்க? ஸ்க்ரூடிரைவரை எடுத்து சக்கரம் ஒவ்வொண்ணாக் கழட்டி, சட்டத்தை ரெண்டா ஒடிச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. யாராவது இல்லாதப்பட்டவங்க புள்ளைக்குக் குடுத்துருக்கலாமே மாப்ளன்னு ஆளு மூலமாக் கேட்டு விட்டேன். "அதுவும் புள்ளைதானே"ன்னாராம். சீர் கொண்டாந்த பொருளை, மேளம் கொட்டி வந்ததை, ஈயம் பித்தாளைக்காரன் தூக்கிட்டுப் போறான். ஊருக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மைக்கு புடிக்கிறது?

என்ன தம்பி, பையிலருந்து பில்லை எடுத்துப் பாக்குறீங்க? வாரண்டி எம்புட்டு நாளுன்னா? பாருங்க, பாருங்க. பொருள் வாங்குனா அதையெல்லாம் பாத்துக்கணும்.

ஆனா ஒண்ணு, பாப்பா ஒரு வருசம் முடியவும் நடந்துருச்சு. செவத்தைப் புடிச்சு, கட்டிலைப் புடிச்சு, தானா. பாத்தீங்களா, வண்டியைத் தொடாமயே நடந்துருச்சுன்னு மாப்ள சொன்னாராம். யாரு, வண்டியைத் தொடாமயா? முதல்ல நிக்க வச்சது எது? அஸ்திவாரம் யாரு போட்டது? வீடு கட்டுன பிறகு அஸ்திவாரம் யாரு கண்ணுக்குத் தெரியுது, சொல்லுங்க.

இந்த நிலைமையில காதுகுத்து வருது. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். அதுல யாரும் கை வைக்க முடியாது. கூப்புடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்கு ஒரே இது. வெளிய காட்டிக்கல, ஆனா ராத்திரி தூக்கம் இல்ல. கூப்புட்டுட்டாங்க தம்பி. புருசனும் பொண்டாட்டியும் தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சு வீடு தேடி வந்தாங்க. நாகஜோதி என் கையைப் புடிச்சுக்கிட்டு, "உன் மடியிலதாண்ணே, வேற யாரு இருக்கா"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மாப்ளகூட, "வாங்க மச்சான்"னாரு. போறப்ப மெதுவா, "வண்டி எதுவும் வேணாம் மச்சான்"னு ஒரு வார்த்தை. அந்த மனுசனுக்கு அதை விடவே முடியல.

இன்னைக்குக் காலையிலதான் நடந்துச்சு. அதான் இந்தப் பட்டு வேட்டி. மேலூரு பக்கம் அவங்க குலசாமி கோயிலு. தோடு எடுத்துருந்தேன், பட்டுப்பாவாடை எடுத்துருந்தேன், தாம்பாளம் பூராப் பழம், இனிப்பு. கோயில் வாசல்ல ஆலமரத்தடியில சமுக்காளம் விரிச்சு என்னை உக்கார வச்சாங்க. மாலை போட்டாங்க. ஆசாரி ஊசியும் வெள்ளிக் கம்பியுமா எதுக்க உக்காந்துட்டாரு. சொந்தபந்தம் பூரா சுத்தி நிக்குது. பாப்பா மொட்டைத் தலையில சந்தனத்தோட, கொலுசு போட்டுக்கிட்டுத் தானா நடந்து வருது. ஒவ்வொரு ஆளா பாத்து சிரிச்சுக்கிட்டே வருது. ஆறேழு மாசம் ஆச்சு நான் பாத்து. என்னா அழகுங்கிறீங்க. ரெண்டு கையையும் நீட்டி, "வாடா, மாமாகிட்ட வா"ன்னேன்.

நின்னுருச்சு.

என்னையப் பாத்துச்சு. விரலை நீட்டி, "சூ"ன்னுச்சு. அப்புறம் அந்தத் தழும்பு இருக்கிற கையைத் தூக்கி, உதட்டைக் குவிச்சு, ஃபூ ஃபூன்னு ஊதிக்கிச்சு.

சுத்தி நின்னவங்க சிரிச்சுட்டாங்க. என்னமா ஊதுது பாருன்னு ஒருத்தி. அடுப்பு, விளக்கு, சூடா இருக்கிற டம்ளரு, எதைக் கண்டாலும் "சூடு, தொடக்கூடாது"ன்னு நாகஜோதி சொல்லிக் குடுத்துருக்கா. நல்ல விசயந்தான், சொல்லிக் குடுக்க வேண்டியதுதான். ஆனா அங்க அடுப்பு இல்ல, விளக்கு இல்ல. நாந்தான் உக்காந்துருக்கேன். நாகஜோதி முகத்தைப் பாத்தேன், வெளுத்துப்போச்சு. அவ முகத்தைப் பாத்த பிறகு ஒருத்தரும் சிரிக்கல. நான் சூடா தம்பி? நீங்களே சொல்லுங்க. புள்ளைக்கு இத்தனை செஞ்சவன், நான் சூடா?

நல்ல நேரம் போகுதுன்னு ஆசாரி அவசரப்படுத்துனாரு. தூக்கி என் மடியில வச்சாங்க. வச்சதுதான் தெரியும், என்னைத் தள்ளிக்கிட்டு, முதுகை வளைச்சுக்கிட்டு, அப்பிடி ஒரு கத்து. எல்லாப் புள்ளையும் ஊசி ஏறுன பிறகுதான் அழும் தம்பி. எத்தனை காதுகுத்துக்குப் பந்தல் போட்டுருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆசாரி அதோட காதைத் தொடவே இல்ல. மிட்டாயி காட்டுனேன். சங்கிலியைக் கழட்டிக் குடுத்தேன். கெட்டியாப் புடிச்சுப் பாத்தேன், புடிக்கப் புடிக்கக் கூடத்தான் கத்துது. கடைசியில ஆசாரி கம்பியைக் கீழ வச்சுட்டு, "மாமா கொஞ்சம் எந்திரிச்சுக்கங்க, தப்பா நெனைக்காதீங்க, புள்ள அவ அப்பா மடியில உக்காரட்டும்"னாரு.

எந்திரிச்சேன். மாலையோட எந்திரிச்சேன். மாப்ள தயங்குனாரு, "இல்ல, மச்சான் மடியிலயே"ன்னு ஏதோ சொன்னாரு. நான்தான் உக்காருங்க மாப்ளன்னேன்.

அவரு மடியில உக்காந்ததும் அடங்கிருச்சு. அப்பன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே உக்காந்துருந்துச்சு. ஒரு காது குத்துனாரு. இன்னொரு காதும் குத்துனாரு. லேசா மூஞ்சியைச் சுளிச்சுச்சு, அம்புட்டுத்தான். அழல. நான்தான் அழுதேன். என்னங்க ஆச்சுன்னு நாலு பேரு கேட்டாங்க. பொங்க வைக்கிற அடுப்புப் புகை கண்ணுல பட்டுருச்சுன்னு சொல்லிட்டு, கறிச்சோத்துக்குக்கூட நிக்காம கெளம்பி வந்துட்டேன்.

என் வீட்டுக்காரி மட்டும் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பின்னாலயே வந்து, "அடுப்பு கோயிலுக்குப் பின்னாலல்ல இருக்கு"ன்னா.